குறைமாதக் குழந்தைக்கு ஆர்.ஓ.பி. கண் பரிசோதனை: வலியையும் பதற்றத்தையும் குறைக்க வீட்டார் செய்ய வேண்டியவை

"நாளைக்குப் பாப்பாவுக்குக் கண் டெஸ்ட் இருக்கு, காலையிலேயே வந்துடுங்க" என்று எஸ்.என்.சி.யூ. (பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவு) சிஸ்டர் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் விசாரிக்கவே ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்க நேரம் இருக்காது. இந்தக் கட்டுரையை இரண்டு வாரம் முன்னதாகவே படித்துவிடுங்கள்.

தாயின் வயிற்றில் விழித்திரையின் ரத்த நாளங்கள் வளர்ந்து முடியக் கிட்டத்தட்ட ஒன்பது மாதம் முழுசாக ஆகும். முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது; வெளியே வந்தபின் நாளங்கள் தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை இழுபட்டுப் பிய்ந்து பார்வையே போகலாம். அதுதான் ஆர்.ஓ.பி. ஆரம்பத்தில் வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் எந்த மாற்றமும் தெரியாது. கண்ணை விரிய வைத்து உள்ளே பார்ப்பது ஒன்றே வழி.

இந்தப் பரிசோதனை குழந்தைக்கு வலிக்கும். "ஒண்ணும் ஆகாது, சும்மா லைட் அடிச்சுப் பார்ப்பாங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இமை மூடாமல் இருக்க ஸ்பெகுலம் என்ற சிறு கம்பியை வைப்பார்கள். விழித்திரையின் ஓரம் தெரிய, முனை மழுங்கிய ஒரு கருவியால் கண்விழியை வெளியிலிருந்து அழுத்தித் திருப்புவார்கள். முகத்துக்கு நேரே கடுமையான வெளிச்சம் இருக்கும். வலியை முழுசாக இல்லாமல் செய்யும் மருந்து எதுவும் இதற்குக் கிடையாது. ஆனால் அன்றைக்குக் குழந்தை படும் பாட்டில் பாதி கண்ணால் வருவதில்லை. பசி, குளிர், காத்திருப்பு, தப்பான நேரத்தில் கொடுத்த சர்க்கரைத் தண்ணீர் என்று சுற்றியுள்ளவற்றால் வருகிறது. அந்தப் பாதி பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

1. தேதியை நீங்களே கணக்குப் போடுங்கள்

இந்தியாவில் பின்பற்றும் கணக்கு இது. 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால், அல்லது பிறப்பு எடை 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்தால், பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன், அல்லது 1,200 கிராமுக்குக் குறைவு என்றால் இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள். 34 முதல் 36 வாரத்தில் பிறந்து, ஆக்சிஜனில் இருந்தது, ரத்தம் ஏற்றியது, கிருமித்தொற்று வந்தது என்று ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

உதாரணமாக மார்ச் 3 அன்று 29 வாரத்தில் 1,150 கிராம் எடையில் ஒரு குழந்தை பிறக்கிறது. எடை 1,200க்குக் கீழே, அதனால் மார்ச் 17 முதல் 24க்குள் பார்க்க வேண்டும். அதே நாளில் 32 வாரத்தில் 1,600 கிராமில் பிறந்த குழந்தைக்கு ஏப்ரல் 2 வரை நேரம் இருக்கிறது. நாளை எண்ணுவது பிறந்த தேதியிலிருந்து; டாக்டர் முதலில் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதிகம் பேர் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. 18ஆம் நாளில் குழந்தை நன்றாகிவிட்டது என்று டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். கண் பரிசோதனை 30ஆம் நாளுக்குள். இடையில் வீட்டுக்கு வந்துவிட்டதால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கண் பரிசோதனைத் தேதியும் இடமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

"இன்னும் கொஞ்சம் எடை போடட்டும், பாவம்" என்று தள்ளிப்போடச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். இந்த நோய் முற்றுவதற்குச் சில வாரமே போதும். குழந்தை உடம்பு சரியில்லாமல் இருந்தால் தள்ளுவதா, வார்மரிலேயே (சூடு தரும் படுக்கை) வைத்துப் பார்ப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

2. காகிதங்களும் செலவும்

ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி அல்லது கேஸ் ஷீட் நகல், தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்), தாயின் ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, முந்தைய கண் பரிசோதனைச் சீட்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் நாலு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறப்பு எடை, ஆக்சிஜன் அல்லது சிபாப் (மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் மூச்சுக் கருவி) எத்தனை நாள், ரத்தம் ஏற்றியதா. கண் டாக்டர் முதலில் தேடுவது இவற்றைத்தான். "ப்ரீடெர்ம்" என்று மட்டும் எழுதி வாரத்தை விட்டிருந்தால் திருத்தி வாங்குங்கள்.

அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் காசு கிடையாது. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் ஆர்.ஓ.பி.யும் இருக்கிறது; மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் வழியாக மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். தாய்க்கும் சேய்க்கும் இலவசச் சிகிச்சை தரும் ஜே.எஸ்.எஸ்.கே. திட்டப்படி நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். வண்டிக்கு 102ஐக் கேட்டுப் பாருங்கள். அவசரம் என்றால் 108.

தனியார் மருத்துவமனை என்றால் "கண் டெஸ்ட்டுக்கு எவ்வளவு" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். கண் டாக்டர் கட்டணம், கேமராவில் படம் எடுத்தால் அதன் கட்டணம், குழந்தையைக் கண்காணிக்கும் படுக்கைக் கட்டணம் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரு தடவையோடு முடியாது. ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பல தடவை வரவேண்டியிருக்கும். அதனால் இரண்டாம் தடவைக்கு என்ன என்பதையும் கேட்டு வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அட்டை இல்லாதவர்கள், லேசர் சிகிச்சை தேவைப்படலாம் என்ற பேச்சு வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. சிகிச்சை தேவைப்பட்டால் அப்போது கையில் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும்.

3. முதல் நாளே வார்டில் கேட்டு வைக்க வேண்டியவை

கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்கும் விதம்தான் முக்கியம். "சிஸ்டர், நாளைக்குக் கண் பார்க்கும்போது பாப்பாவுக்கு நாக்குல தடவ டெக்ஸ்ட்ரோஸோ தாய்ப்பாலோ கொடுப்பீங்களா? நான் பால் பீய்ச்சிக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள். (டெக்ஸ்ட்ரோஸ் என்பது மருத்துவமனையில் வைத்திருக்கும் சர்க்கரைக் கரைசல்.) மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: டாக்டர் எத்தனை மணிக்குத் தொடங்குவார், உங்கள் குழந்தை எத்தனையாவது, தாய் உள்ளே இருக்கலாமா. பல இடங்களில் விடமாட்டார்கள். அப்படியானால் முடிந்தவுடன் மார்போடு அணைத்துக்கொள்ளக் குழந்தையைக் கொடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அதே நாளில் ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, கேட்புத்திறன் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அவசரமில்லாததை வேறு நாளைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரே நாளில் முடிவது வசதிதான். ஆனால் 1,300 கிராம் குழந்தைக்குக் கண் பரிசோதனை ஒன்றே அன்றைக்குப் போதும்.

4. பால் கொடுக்கும் நேரம்

வயிறு நிறையப் பாலோடு படுக்க வைத்தால் கண்ணை அழுத்தும்போது வாந்தி வந்து புரையேறும். பசியோடு வைத்தால் தொடங்குவதற்கு முன்பே அழுது களைத்துவிடும். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன் பால் கொடுத்து முடித்து, தோளில் போட்டு ஏப்பம் எடுத்துவிட வேண்டும் என்பதே பொதுவான கணக்கு. டாக்டர் 11 மணிக்கு வருகிறார் என்றால் 9.30க்குத் தொடங்கி 9.50க்குள் முடியுங்கள்.

ஆனால் 11 மணி என்பது பல நாள் 12.30 ஆகும்! இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடிக்கும் சின்னக் குழந்தை அதுவரை தாங்காது. ரத்தச் சர்க்கரை குறையவும் கூடும். அரை மணிக்கு மேல் தாமதமானால் போய்ச் சொல்லுங்கள்: "சிஸ்டர், பாப்பா 9.50க்குக் குடிச்சது, இன்னும் எத்தனை பேர் முன்னாடி இருக்காங்க?" பால் எப்போது கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறையோடு வைத்திருந்தால், வரிசையில் உங்கள் குழந்தையை முன்னே எடுக்கவும் அது உதவும்.

5. கண்ணை விரிய வைக்கும் சொட்டு மருந்து

பரிசோதனைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன் ஆரம்பித்து, 10 முதல் 15 நிமிட இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தடவை விடுவார்கள். பொதுவாக டிராபிகமைடும் பினைலெஃப்ரினும் கலந்தது. பெரியவர்களுக்குக் கடையில் கிடைக்கும் கலவையில் பினைலெஃப்ரின் 5 சதவீதம். குறைமாதக் குழந்தைக்கு 2.5 சதவீதம் போதும் என்பதால் கண்ணீர் போன்ற சொட்டு மருந்தைச் சேர்த்து நீர்க்கச் செய்வார்கள். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்தால் நேரம் மிச்சமாகுமே என்று மெடிக்கலில் வாங்கி விடாதீர்கள். அளவு கூடினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், குடல் மந்தமாகிப் பால் தங்காது.

சொட்டு விடும்போது பக்கத்தில் இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ஒரு தடவைக்கு ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு போதும். குழந்தையின் கண்ணில் அதற்கு மேல் இடமில்லை. மிச்சம் கன்னத்தில் வழிந்து தோல் வழியாக உடம்புக்குள் போகும். சுத்தமான பஞ்சால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரல் நுனியால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் இறங்குவது குறையும். சிஸ்டர் இதைச் செய்வார். வேலை அதிகமாக இருந்தால் உங்களைப் பிடிக்கச் சொல்வார்.

சொட்டு விட்ட பிறகு கண்ணைச் சுற்றி வெள்ளையாக வெளிறிப்போகும். தோல் செத்துவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. மருந்து ரத்த நாளங்களைச் சுருக்குவதால் வருவது, சில மணி நேரத்தில் சரியாகும். எத்தனை விட்டும் பாவை (கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) விரியவில்லை என்றால் மேலும் மேலும் விடச் சொல்லாதீர்கள். நோய் முற்றியிருப்பதற்கு அதுவே ஓர் அடையாளமாக இருக்கலாம். டாக்டருக்குத் தெரிய வேண்டிய செய்தி அது.

இன்னும் ஒன்று. அன்றைக்குக் காலையில் கண்ணில் மை வேண்டாம். தாய்ப்பாலைக் கண்ணில் விடும் பழக்கத்தையும் பாட்டியிடம் சொல்லி நிறுத்துங்கள். தாய்ப்பாலுக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது, ஆனால் வாயில்.

6. துணியில் சுற்றுவது

சொட்டு மருந்து வேலை செய்யும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். துவைத்துத் துவைத்து மெதுவான பழைய பருத்திப் புடவையை ஒரு மீட்டர் சதுரத்துக்கு வெட்டி, வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வையுங்கள். புதுத் துண்டு வேண்டாம், முரடாக இருக்கும்.

மேல் முனையை ஒரு சாண் உள்ளே மடித்து, மடிப்பு தோளுக்கு நேராக வரும்படி குழந்தையைக் கிடத்துங்கள். கைகளை முழங்கையில் மடக்கி நெஞ்சுக்கு நடுவே கொண்டு வாருங்கள். விரல்கள் மோவாய்க்குக் கீழே இருக்கட்டும். இன்னும் மேலே போனால் பரிசோதனை நடக்கும்போது கண்ணைத் தொட்டுவிடும். கால்களை நீட்டிக் கட்டக் கூடாது. தவளை உட்கார்ந்திருப்பதுபோல மடங்கி விரிந்திருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே துணி தளர்வாகவே இருக்கட்டும். இடப் பக்கத் துணி, வலப் பக்கத் துணி, கீழ் முனை என்று சுற்றி முடித்த பிறகு நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மூச்சு வாங்கும். ஆக்சிஜன் அளவு காட்டும் புரோப் மாட்டிய பாதத்துக்கு மட்டும் ஓரத்தில் இடைவெளி விடுங்கள்; இல்லாவிட்டால் புரோப் நழுவும்போதெல்லாம் துணியை முழுசாகப் பிரிப்பார்கள்.

இப்படிச் சுற்றினால் ஏன் அமைதியாகிறது? வயிற்றுக்குள் கையும் காலும் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு சுவரில் பட்டு நின்றன. வெளியே வந்த பிறகு அந்தச் சுவர் இல்லை. வலி வந்ததும் கைகால் வீசி அடிக்கிறது, அதனாலேயே இன்னும் மிரள்கிறது.

தொப்பியும் காலுறையும் மறக்க வேண்டாம். கண் மருத்துவமனை அறைகளில் ஏ.சி. பெரியவர்களுக்காக வைத்திருப்பார்கள். "பாப்பா முடியும் வரைக்கும் ஏ.சி.யை அணைக்கலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

7. நாக்கில் இனிப்பு: இரண்டு நிமிடக் கணக்கு

இனிப்பு நாக்கில் பட்டதும் குழந்தையின் மூளையில் வலியை மட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்று விழிக்கிறது. உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துவது 24 சதவீத சுக்ரோஸ். அது கிடைக்காத வார்டுகளில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஆம்பியூலை உடைத்து எடுப்பார்கள். பீய்ச்சிய தாய்ப்பால் அவ்வளவு வலுவில்லாவிட்டாலும் உதவும்.

அளவு மிகச் சிறியது. 27 முதல் 31 வாரக் குழந்தைக்குக் கால் மி.லி., 32 வாரத்துக்கு மேல் அரை மி.லி. என்று வைத்துக்கொள்வார்கள், அதைவிடச் சின்னதற்கு 0.1 மி.லி., அதாவது இரண்டு சொட்டு. ஊசி இல்லாத ஒரு மி.லி. சிரிஞ்சால் நாக்கின் முன் பகுதியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இதில் வயிற்றுக்குப் போவதற்கு ஒன்றுமில்லை, நாக்கில் படுவதுதான் முக்கியம். குழாய் வழியாகப் பால் குடிக்கும் குழந்தைக்கு அதே குழாயில் ஏற்றினால் பயனில்லை. வயிற்றுப் பிரச்சினையால் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தால் டாக்டர் அனுமதி வேண்டும்.

எல்லாரும் கோட்டை விடுவது நேரத்தில். ஸ்பெகுலம் வைப்பதற்கு இரண்டு நிமிடம் முன் கொடுக்க வேண்டும். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே கொடுத்துவிட்டால் குழந்தை உள்ளே போவதற்குள் பலன் தீர்ந்திருக்கும். அது நிற்பது நாலைந்து நிமிடம்தான். அதனால் முதல் கண் முடிந்து அடுத்த கண்ணுக்குப் போகும் முன் இன்னொரு சிறு அளவு கொடுப்பது உண்டு. கூடவே சூப்ப ஏதாவது இருந்தால் பலன் கூடும். கையுறை போட்ட சிஸ்டரின் சுண்டுவிரல் போதும். ரப்பர் நிப்பிளைப் பல வார்டுகளில் அனுமதிப்பதில்லை.

வீட்டில் கரைத்த சர்க்கரைத் தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் வேண்டவே வேண்டாம். சேனை வைத்த கையோடு "நம்ம வீட்டுத் தேன்தானே" என்பார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

8. பரிசோதனை நடக்கும் அந்த ஐந்து நிமிடம்

ஸ்பெகுலத்துக்கு முன் கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு ஒன்று விடுவார்கள். பெரும்பாலும் புரோபராகெய்ன் 0.5 சதவீதம். அரை நிமிடத்தில் வேலை செய்யும். அது மரக்கச் செய்வது கண்ணின் மேற்பரப்பை மட்டும். உள்ளே அழுத்தித் திருப்பும்போது வரும் வலி அதற்குக் கட்டுப்படாது. "மரப்பு மருந்து போட்டாச்சு, பிறகு எதுக்கு மற்றதெல்லாம்" என்பவர்களுக்கு இதுதான் பதில். அந்தச் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்டு வாங்காதீர்கள். திரும்பத் திரும்பப் போட்டால் கருவிழி புண்ணாகும்.

உள்ளே இருக்க அனுமதித்தால் உங்கள் வேலை குழந்தையின் கால் பக்கம். தலையைச் சிஸ்டர் பிடித்திருப்பார். ஒரு கையைக் குழந்தையின் உள்ளங்கால்களுக்கு அணைப்பாக வைத்து, இன்னொன்றை நெஞ்சுக்குக் கீழே துணியின்மேல் அசையாமல் வையுங்கள். தட்டாதீர்கள், தடவாதீர்கள், ஆட்டாதீர்கள். தாழ்ந்த குரலில் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள், அல்லது பேசாமலே இருங்கள். வலியோடு போராடும் குறைமாதக் குழந்தைக்குத் தட்டலும் பாட்டும் ஆட்டலும் ஒரே நேரத்தில் வந்தால் அதுவே இன்னொரு தொல்லை.

அழாத குழந்தையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். முப்பது வாரக் குழந்தைக்கு அழுவதற்கே தெம்பிருக்காது. புருவங்களுக்கு நடுவே மேடு தட்டுவது, கண்ணை இறுக்குவது, மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடு ஆழமாவது: வார்டில் வலிக்கு மதிப்பெண் போடும்போது பார்ப்பது இந்த மூன்றோடு இதயத் துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும். விரல்கள் விசிறிபோல் விரிந்து நிற்பது, கொட்டாவி, விக்கல், திடீரென்று துவண்டுபோவது ஆகியவை "போதும்" என்பதற்கான பாஷை. நிறம் மாறினாலோ மானிட்டர் அலாரம் அடித்தாலோ டாக்டரே நிறுத்துவார். கருவியை எடுத்துவிட்டு, மூச்சு சீரானபின் தொடர்வது வழக்கம். அதற்காக ஆக்சிஜனும் அம்பு பையும் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அந்த அறையில் இருக்க வேண்டும். வார்டுக்கு வெளியே எங்காவது பரிசோதனை என்றால் அவை இருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள்.

9. முடிந்த உடனே

இமையில் ஒட்டிய மருந்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, மூச்சும் நிறமும் சரியாக இருந்தால், குழந்தையை டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு உங்கள் மார்போடு சேர்த்து வையுங்கள். கங்காரு முறை என்று வார்டில் சொல்வார்கள். முன்பக்கம் திறக்கும் ரவிக்கையோ நைட்டியோ அன்றைக்கு உடுத்தி வந்தால் இதற்குத் திண்டாட வேண்டியதில்லை. குறைந்தது ஒரு மணி நேரம். அப்பாவும் செய்யலாம், சட்டையைக் கழற்றினால் போதும்.

பாவை விரிந்தே இருக்கும் என்பதால் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும். டியூப்லைட்டுக்கு நேரே கிடத்தாதீர்கள், வெயிலில் போகும்போது முகத்துக்கு மேலே புடவைத் தலைப்பால் நிழல் கொடுங்கள். மூக்கை மூடிவிடாமல் பாருங்கள். போட்டோ எடுக்கும் உறவினரின் ஃபிளாஷுக்கும் அன்று விடுமுறை. அழுகை அடங்கி, உதடு பாலைத் தேடும்போது பால் கொடுங்கள்.

10. அடுத்த இரண்டு நாள்

கண் சிவந்து இமை வீங்கியிருப்பது சகஜம், ஓரிரு நாளில் வடியும். வெள்ளை விழியில் சிறு ரத்தத் திட்டு தெரிந்தால் மறையக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பார்வையைப் பாதிக்காது. சீழ் வந்தால் காட்ட வேண்டும்.

கண்ணைவிட மூச்சைக் கவனியுங்கள். பரிசோதனைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளுக்குச் சில குழந்தைகளுக்கு மூச்சு நின்று நின்று வரும். 20 விநாடி மூச்சு விடாமல் இருப்பது, உதடு நீலமாவது, தொடர்ந்து வாந்தி, வயிறு உப்பி இறுகுவது, இரண்டு வேளை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திராமல் கிளம்புங்கள். தூரத்து ஊர் என்றால் அன்றே பஸ்ஸில் திரும்புவதைவிட மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி தங்குவது நல்லது.

11. குதிகால் ரத்தமும் தடுப்பூசியும்

குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போதும் தடுப்பூசி போடும்போதும் வலியைக் குறைக்கும் வழி இன்னும் சுலபம். கால் மணி நேரம் முன்பே மார்போடு அணைத்துக்கொண்டு, அப்படியே வைத்து ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ சொல்லுங்கள். பால் குடிக்கத் தெரிந்த குழந்தை என்றால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். பாதத்தை அழுத்திப் பிழிவதுதான் குத்துவதைவிட வலி; முன்னதாகப் பாதம் கதகதப்பாக இருந்தால் பிழிய வேண்டியிருக்காது. மரக்கச் செய்யும் கிரீம் குதிகாலில் வேலை செய்வதில்லை. குறைமாதக் குழந்தைக்கு அதனால் ரத்தத்தில் வேறு சிக்கல் வரலாம் என்பதால் நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம்.

12. அடுத்த தேதி

சீட்டில் மூன்று இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்: எந்த ஸோன் (நாளங்கள் விழித்திரையில் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன), எந்த ஸ்டேஜ் (நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது), அடுத்த பரிசோதனை எந்தத் தேதி. "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று வாயால் சொன்னால் தேதியை எழுதி வாங்குங்கள். நாளங்கள் ஓரம் வரை வளர்ந்து முடிந்தன என்று டாக்டர் எழுதும் வரை இது தொடரும். போன தடவை நன்றாக இருந்தது என்பதற்காக ஒரு தடவையைக்கூட விடக் கூடாது.

அடுத்த முறை போகும்போது, இந்த முறை எது உதவியது என்பதைச் சிஸ்டரிடம் சொல்லுங்கள். "போன தடவை ரெண்டாவது கண்ணுக்கு முன்னாடி மறுபடி டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தீங்க, அப்புறம் அழவே இல்ல" என்றால் அதையே செய்வார்கள். ஷிப்ட் மாறியிருந்தால் புதியவருக்கு அது தெரியாது.

சிகிச்சை வேண்டும் என்று சொன்னால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ நடக்க வேண்டும். லேசர் நீண்ட நேரம் எடுப்பது. நாக்கில் சர்க்கரை விட்டுச் சமாளிக்கும் வலி இல்லை. அப்போது கேட்க வேண்டியவை வேறு: மயக்க மருந்தா தூக்க மருந்தா, பக்கத்தில் பச்சிளங்குழந்தை மருத்துவர் இருப்பாரா, பிறகு எத்தனை மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள், வென்டிலேட்டர் தேவைப்பட்டால் படுக்கை அதே கட்டடத்தில் இருக்கிறதா. நாலுக்கும் பதில் கிடைத்த பிறகு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அன்றைக்கே போடுங்கள்.